ஒரே சட்டியில் ஐரிஷ் பாணி இறைச்சி உருண்டைகள்

கொழும்பில் இறைச்சி உருண்டை என்றதும் பலருக்கும் லம்ப்ரைஸ் பொதியைப் பிரிக்கும்போது வாழையிலையின் ஓரத்தில் அகப்படும் பிரிக்கடல்தான் நினைவுக்கு வரும். பறங்கியர் குசினிகளிலிருந்து இந்த நகரத்துக்குப் பரவிய அந்தச் சிறு உருண்டை ரஸ்க் தூளில் புரட்டிப் பொரிக்கப்படுவது. சோற்றோடும் வாழைக்காய்க் கறியோடும் சீனிச் சம்பலோடும் சேர்த்துச் சாப்பிடப்படுவது. நான் இங்கே எழுத விரும்புவது வேறொரு உருண்டையைப் பற்றி. ஆட்டிறைச்சியைப் பிசைந்து உருட்டி, சிவக்க வறுத்து, வெங்காயமும் வறுத்த பார்லியும் சேர்ந்த கரும்பழுப்புக் கிரேவியில் மெதுவாக வேகவைத்து, பட்டர் ஊறிய உருளைக்கிழங்கு மசியலின் மேல் ஊற்றிப் பரிமாறும் ஐரிஷ் பாணி உருண்டை அது. மிளகாய்த்தூளும் கறித்தூளும் இல்லாத ஓர் இறைச்சிச் சமையல் நம் விருந்து மேசையில் எடுபடுமா என்று கேட்பவர்களுக்கு, எடுபடும் என்பதே என் பதில். ஆனால் அதன் ருசி எங்கிருந்து வருகிறது என்பதை விளங்கிக்கொண்டு சமைக்க வேண்டும்.

இதை நான் சமைப்பது ஒரு குறிப்பிட்ட விருந்துக்காக. என் கணவர் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் பழைய மாணவர். 1850இல் தொடங்கப்பட்ட அந்தக் கல்லூரி அயர்லாந்தின் பாதுகாவலரான புனிதரின் பெயரைத் தாங்கியது. அவருடைய திருநாள் மார்ச் 17. கொழும்பில் வாழும் வகுப்புத் தோழர்கள் அந்தத் திருநாளைச் சாட்டாக வைத்துக் குடும்பத்தோடு எங்கள் வீட்டில் ஒரு மதியம் கூடுவார்கள். மார்ச் 17 எந்த ஆண்டிலும் தவக்காலத்துக்குள்ளேதான் விழும் என்பதாலும், அவர்களில் கத்தோலிக்கர் பலர் தவக்காலம் முழுவதும் இறைச்சியை விலக்குபவர்கள் என்பதாலும், விருந்தை உயிர்த்த ஞாயிறு கழிந்த பிறகு வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைக்கிறோம். அதற்கு முதல் நாட்களில் போயா என்னும் பௌர்ணமி தினம் வருகிறதா என்று நாட்காட்டியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். போயா தினத்தில் இறைச்சிக் கடைகள் மூடியிருக்கும்.

எங்கள் மேசைக்கு வருபவர்கள் எல்லோரும் ஒரே உணவைச் சாப்பிடுபவர்கள் அல்லர். மாட்டிறைச்சியைத் தொடாத சைவ சமயக் குடும்பங்கள் இருக்கின்றன. மச்சமே சாப்பிடாத ஒரு தம்பதியர் இருக்கிறார்கள். 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த, என் கணவரோடு ஒரே வாங்கில் இருந்து படித்த தோழர் ஒருவர் மனைவி மக்களோடு வருகிறார். அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு ஒன்றாக உட்காரும் ஒருவருக்குத் தனிப் பாத்திரத்தில் கோழிக்கறியை வைத்து “இது உங்களுக்கு” என்று நீட்ட எனக்கு மனம் வரவில்லை. ஐரிஷ் பாணி என்று சொல்லப்படும் உருண்டைக் குறிப்புகளோ பெரும்பாலும் மாட்டிறைச்சியில் தொடங்கி ஸ்டவுட் எனப்படும் கறுப்புப் பியரில் முடிகின்றன. ஆகவே மாடும் மதுவும் இல்லாமல், ஆனால் அந்தச் சமையலின் உண்மையான ருசி குறையாமல், இறைச்சி சாப்பிடும் எல்லோரும் ஒரே சட்டியிலிருந்து எடுத்துச் சாப்பிடக்கூடியதாக இதை எப்படிச் செய்வது என்பதே என் முன்னால் இருந்த கேள்வி.

மாட்டிறைச்சியை விடுவதால் ஐரிஷ் தன்மை குறைந்துவிடும் என்று நினைக்க வேண்டியதில்லை. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் கோர்க் துறைமுகத்திலிருந்து உப்பிட்ட மாட்டிறைச்சி பீப்பாய் பீப்பாயாகக் கப்பலேறியது. ஆனால் அது பிரித்தானியக் கடற்படைக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் போனதே தவிர, அயர்லாந்தின் ஏழைக் குடியானவரின் கோப்பைக்கு வந்தது மிகக் குறைவு. அவர்கள் வீட்டில் கோவாவோடு அவிந்தது உப்பிட்ட பன்றியிறைச்சி. கடல் கடந்து நியூயோர்க்கில் குடியேறிய பிறகுதான், அங்கிருந்த யூதக் கசாப்புக் கடைகளில் மலிவாகக் கிடைத்த உப்பு மாட்டிறைச்சி அவர்களுடைய பண்டிகை உணவாயிற்று. ஐரிஷ் ஸ்டூ என்று உலகம் அறிந்த பழைய சமையலோ ஆட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம் ஆகிய மூன்றினாலும் ஆனது. அந்த நாட்டின் ருசி என்று நான் எண்ணுவது இவற்றைத்தான்: ஆடு, உருளைக்கிழங்கு, வெங்காயம், லீக்ஸ், கோவா, பால், பட்டர், கொஞ்சம் தைம், கொஞ்சம் பாஸ்லி, இவற்றோடு வறுத்த பார்லியின் கசப்பு. உருண்டை வடிவம் அந்த மரபுக்குரியது அல்ல. அது விருந்துக்கு வசதியான ஒரு வடிவம், அவ்வளவுதான். கத்தி தேவையில்லை, எலும்பு இல்லை, குழந்தைகளும் முதியவர்களும் கரண்டியாலேயே சாப்பிடலாம்.

இனி அந்தக் கசப்பைப் பற்றி. ஆர்தர் கின்னஸ் 1759இல் டப்ளினில் சென்ற் ஜேம்ஸஸ் கேற் வடிசாலையை 9,000 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார். இன்றைய கின்னஸ் ஸ்டவுட்டின் கறுப்புக்கும் நாக்கின் பின்புறத்தில் நிற்கும் உலர்ந்த கசப்புக்கும் காரணம் முளைகட்டாத பார்லியை நன்றாக வறுத்துச் சேர்ப்பது. நம் நாட்டின் லயன் ஸ்டவுட் அதைவிடச் செறிவானது. சமையலுக்கும் நன்றாகவே பொருந்தும். ஆனால் “கொதித்தால் மது ஆவியாகிப் போய்விடும்” என்று பலரும் சொல்லும் சமாதானம் சரியானதன்று. ஒரு மணி நேரம் கொதித்த பிறகும் சேர்த்த மதுவில் சுமார் கால் பங்கு சட்டியிலேயே இருக்கும்; இரண்டரை மணி நேரம் கழிந்தும் ஒரு சிறு பகுதி எஞ்சும். மதுவை விலக்குபவரின் கோப்பையில் அதைத் தெரிந்துகொண்டு ஊற்றுவது நம்பிக்கைத் துரோகம். அதனால் ஸ்டவுட்டை விட்டுவிட்டு, அதற்கு அந்த ருசியைக் கொடுக்கும் பார்லியிடமே நேரடியாகப் போனேன்.

பார்லி நம் வீடுகளுக்குப் புதிதல்ல. சூடு பிடித்தால் பார்லித் தண்ணீர் காய்ச்சிக் குடிக்காத வீடு யாழ்ப்பாணத்திலும் இல்லை, கொழும்பிலும் இல்லை. அதே மளிகைக் கடைப் பார்லிதான் இதற்கும் போதும். இருபத்தைந்து பேருக்கு 200 கிராம் எடுத்து, கழுவாமல், அடி கனமான தாச்சியில் எண்ணெய் விடாமல் நடுத்தரத் தீயில் வறுக்க வேண்டும். முதல் பத்து நிமிடங்களில் பெரிதாக ஒன்றும் நடக்காது. மணிகள் வெண்மை குறைந்து மங்கலாகும். பிறகு பாண் வாட்டும் மணம் எழும், சில மணிகள் சிறு ஒலியோடு துள்ளும். அதன் பின்னர் நிறம் விரைவாக ஓடும்: பொன்னிறம், செம்பழுப்பு, கரும்பழுப்பு. கோப்பிக்கொட்டையின் நிறத்துக்கு வந்து, புகை நூலாக எழத் தொடங்கும் அந்த இடத்தில் இறக்கிவிட வேண்டும். சூடான தாச்சி தானே வறுத்துக்கொண்டிருக்கும் என்பதால், இறக்கியதும் வேறொரு அகன்ற தட்டில் கொட்டிப் பரப்புவது நல்லது. ஒரு மணியைக் கடித்துப் பார்த்தால் நொறுங்கி, கோப்பியும் கருகிய சீனியும் கலந்த கசப்பு வர வேண்டும். சாம்பல் ருசி வந்தால் அது எல்லை கடந்துவிட்டது. பின்னர் ஒன்றேகால் லீற்றர் கொதிநீரில் அதைப் போட்டுக் கால் மணி நேரம் மெல்லிய தீயில் கொதிக்கவிட்டு, மூடி ஆறவைத்து வடித்தால் சுமார் முக்கால் லீற்றர் கறுத்த சாறு கிடைக்கும். இரண்டு மேசைக்கரண்டி கித்துள் பாணியை (கித்துள் மரத்துப் பதநீரைக் காய்ச்சிய பாகு) அதில் கரைத்தால் கசப்பின் முனை மழுங்கி, ஸ்டவுட்டில் இருக்கும் அந்த ஆழ்ந்த இனிப்பும் வந்துவிடும். வெல்லத்தைவிடக் கித்துள் பாணியை நான் விரும்புவதற்குக் காரணம் அதிலேயே இருக்கும் புகைமணம்.

இறைச்சிக்கு வருவோம். கொழும்பில் மட்டன் என்று விற்கப்படுவது பெரும்பாலும் வெள்ளாடு. அதில் கொழுப்புக் குறைவு. கொழுப்பில்லாத இறைச்சியை அரைத்து உருட்டினால் வெந்ததும் வறண்டு மணல் போலாகிவிடும். ஆகவே தோள்பட்டையும் தொடையும் கலந்து வாங்க வேண்டும். கடைக்காரர் சுத்தம் செய்து தருகிறேன் என்று கொழுப்பை வெட்டி ஒதுக்கும்போது தடுக்க வேண்டும். “நானா, கொழுப்பைக் கழிக்க வேண்டாம், அதையும் சேர்த்தே ஒரு தரம் மட்டும் அரைச்சுத் தாங்கோ” என்று நான் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். இரண்டு தரம் அரைத்த இறைச்சி பசையாகி உருண்டையை இறுக்கிவிடும். இருபத்தைந்து பேருக்கு கொழுப்போடு சேர்த்து 2 கிலோ இறைச்சி போதுமானது. நறுக்கிய ஆட்டெலும்பும் ஒன்றரைக் கிலோ வாங்கி, அதை ஓவனில் சிவக்க வறுத்து, ஒரு கரட், ஒரு வெங்காயம், லீக்ஸின் பச்சைப் பகுதி, சில மிளகு மணிகள் ஆகியவற்றோடு மூன்று மணி நேரம் மெல்லக் கொதிக்கவிட்டு எலும்புச் சாறு எடுத்துக்கொள்வேன். கடையில் விற்கும் சூப் கட்டி இதற்கு ஈடாகாது. அதில் உப்பு முன்னால் நிற்கும், எலும்பின் பசைத்தன்மை இருக்காது.

உருண்டையை மென்மையாக்குவது பாலில் ஊறிய பாண். ஓரம் நீக்கிய 200 கிராம் பாணைப் பிய்த்து, 250 மில்லிலீற்றர் பாலில் ஊறவைத்து, கட்டியில்லாமல் பிசைந்துகொள்ள வேண்டும். இறைச்சிப் புரதம் வேகும்போது சுருங்கித் தண்ணீரைப் பிழிந்து வெளியேற்றும். இடையில் இருக்கும் பாணின் மாப்பொருள் அந்தத் தண்ணீரைப் பிடித்து உள்ளேயே வைத்துக்கொள்ளும். இதோடு அவித்து மசித்த உருளைக்கிழங்கு 300 கிராம் சேர்ப்பது என் வழக்கம். பட்டரில் வதக்கி முழுமையாக ஆறவைத்த பொடி வெங்காயம் 200 கிராம், முட்டை இரண்டு, பாஸ்லி ஒரு கைப்பிடி, உலர்ந்த தைம் இரண்டு தேக்கரண்டி, புதிதாக இடித்த மிளகு இரண்டு தேக்கரண்டி, துருவிய சாதிக்காய் அரைத் தேக்கரண்டி ஆகியவற்றையும் முதலில் பாணோடு கலந்து, அதன் பிறகே இறைச்சியைச் சேர்க்க வேண்டும். உப்பு 30 கிராம் கடைசியில். உப்புப் பட்டவுடன் இறைச்சி ஒட்டத் தொடங்கும். அந்த ஒட்டுதல் உருண்டை உடையாதிருக்கத் தேவை, ஆனால் அளவுக்கு மேல் பிசைந்தால் அதுவே ரப்பர் போன்ற இறுக்கமாகிவிடும். விரல்களை விரித்து, தூக்கித் தூக்கிப் போட்டு, வெள்ளைத் திட்டுகள் மறையும் வரை கலந்தால் போதும். உள்ளங்கையால் அழுத்திப் பிசைய வேண்டாம். ஒரு சிறு துண்டைத் தட்டிப் பொரித்து உப்பையும் மிளகையும் பார்த்துவிட்டு மிகுதியைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மணி நேரமாவது வைக்க வேண்டும். ஏப்ரல் மாதக் கொழும்பின் சூட்டில் ஆட்டுக்கொழுப்பு கையிலேயே இளகும்; குளிர்ந்த கலவையை ஈரக்கையால் உருட்டினால்தான் வடிவம் நிற்கும். 30 கிராம் வீதம் உருட்டினால் சுமார் நூறு உருண்டைகள் வரும். ஆளுக்கு நான்கு.

நூறு உருண்டைகளைத் தாச்சியில் திருப்பித் திருப்பி வறுப்பது விருந்து நாளில் வீண் சிரமம். ஓவனை 220 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கி, எண்ணெய் தடவிய தட்டுகளில் ஒன்றோடொன்று தொடாமல் அடுக்கி, பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் வைத்தால் மேற்புறம் நன்றாகச் சிவந்துவிடும். நெருக்கி அடுக்கினால் வெளிவரும் ஈரம் ஆவியாகப் போக இடமில்லாமல் உருண்டைகள் அவிந்து சாம்பல் நிறமாகும். சிவப்பு இல்லாத இடத்தில் ருசியும் இல்லை. தட்டின் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்புப் படிவை எலும்புச் சாறு விட்டுச் சுரண்டி எடுத்துக் கிரேவியில் சேர்க்க வேண்டும். அதைக் கழுவி ஊற்றுவது சட்டியின் பாதி உயிரைக் கழுவி ஊற்றுவதாகும்.

கிரேவிதான் இந்தச் சமையலின் தலை. ஒன்றரைக் கிலோ பெரிய வெங்காயத்தை நீளவாக்கில் மெல்லியதாக வெட்டி, 150 கிராம் பட்டரில், ஒரு சிட்டிகை உப்போடு, குறைந்த தீயில் முக்கால் மணி நேரம் வதக்குவேன். நம் குழம்புகளுக்கு வதக்குவதுபோல விளிம்பு சிவந்ததும் நிறுத்திவிடக் கூடாது. முதலில் வெங்காயம் தண்ணீர் விட்டுக் குழையும். தண்ணீர் வற்றியதும் சட்டியடியில் பொன்னிறப் படிவு ஒட்டும். ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து அகப்பையால் அதைச் சுரண்டி வெங்காயத்தோடு சேர்க்க வேண்டும். இப்படி மீண்டும் மீண்டும் செய்யச் செய்ய, ஒரு கட்டத்தில் இழைகள் தம் வடிவத்தை இழந்து, செந்நிறப் பசையாக அகப்பையில் சரியும். தீயைக் கூட்டி இதைப் பத்து நிமிடத்தில் முடிக்க முயன்றால் வெளியே கருகலும் உள்ளே பச்சைக் காரமும்தான் மிஞ்சும். விருந்துச் சமையலில் நேரத்தைச் சேமிக்க எத்தனையோ இடங்கள் உண்டு. இந்த இடம் அதற்குரியதன்று.

அந்தப் பசையின் மேல் 150 கிராம் கோதுமை மாவைத் தூவி, கைவிடாமல் கிளறி, மா பாதாம் நிறத்துக்கு வரும் வரை வறுக்க வேண்டும். மா எவ்வளவுக்குச் சிவக்கிறதோ அவ்வளவுக்கு அதன் கெட்டியாக்கும் வலிமை குறையும். அதனால்தான் அளவு சற்றுத் தாராளமாக இருக்கிறது. பிறகு இரண்டு மேசைக்கரண்டி தக்காளிப் பசையைச் சேர்த்து அதன் சிவப்பு மங்கும் வரை வதக்கி, பார்லிச் சாற்றை மூன்று நான்கு தடவையாக ஊற்றிக் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த நிலையில் நான் நிறுத்திக்கொள்வேன், ஏனெனில் இதுவரை சட்டியில் மச்சம் எதுவும் சேரவில்லை. மச்சம் சாப்பிடாதவர்களுக்கான பங்கை இங்கேயே எடுத்துச் சிறு சட்டியில் வைத்து, உலர்ந்த காளான் ஊறிய தண்ணீரால் இளக்கி, பட்டரில் முறுகலாக வறுத்த காளானும் கரட்டும் சேர்த்து முடிப்பேன். தனிச் சட்டி தவிர்க்க முடியாததுதான். ஆனால் வெங்காயமும் பார்லியும் எல்லோருக்கும் ஒன்றே, ருசியும் ஏறக்குறைய ஒன்றே. காளான் துண்டுகளை உருண்டையாகப் பிடித்து இறைச்சிபோலக் காட்ட நான் முயல்வதில்லை. இறைச்சி வேண்டாம் என்பவருக்கு இறைச்சியின் சாயல் எதற்கு?

பெரிய சட்டியில் ஒன்றே முக்கால் லீற்றர் எலும்புச் சாற்றை ஊற்றி, பிரிஞ்சி இலை இரண்டு, தைம் ஒரு தேக்கரண்டி சேர்த்து அரை மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். வழக்கமான குறிப்புகளில் இந்த இடத்தில் வூஸ்டர் சோஸ் வரும். அந்த சோஸின் ருசி வினாகிரி, பழப்புளி, வெல்லப்பாகு, நெத்தலி வகை மீன் ஆகியவற்றின் சேர்க்கை. இவை எல்லாவற்றுக்கும் நம் குசினியில் இணை உண்டு: நெல்லிக்காயளவு பழப்புளியின் கரைசல், ஒரு தேக்கரண்டி தென்னை வினாகிரி, ஏற்கெனவே சேர்த்த கித்துள் பாணி, மாவாக இடித்த மாசிக் கருவாடு அரைத் தேக்கரண்டி. மாசியை அதற்கு மேல் போட்டால் சம்பல் வாசம் தலைதூக்கும். இந்த அளவில் அது மீனாகத் தெரியாது. இறைச்சியின் ருசியை அடியிலிருந்து தாங்கும்.

இவ்வளவுக்கு நம் பொருட்களை உள்ளே விட்டவள் கறுவா, ஏலம், கருவேப்பிலை, ரம்பை, கறித்தூள் ஆகியவற்றை மட்டும் ஏன் வெளியே நிறுத்துகிறாய் என்று என் மாமியார் கேட்டார். “கொஞ்சம் யாழ்ப்பாணத் தூள் போட்டா எல்லாரும் விரும்பிச் சாப்பிடுவினம் பிள்ளை” என்பது அவருடைய அன்பான ஆலோசனை. “மாமி, அதைப் போட்டால் நல்ல ஒரு ஆட்டிறைச்சிக் குழம்பு வரும், ஆனால் அது நீங்கள் சமைக்கிற குழம்புக்குக் கிட்டவும் வராது” என்றேன். என் உறுதியான எண்ணம் இது. புளியும் மாசியும் இந்தக் கிரேவிக்குள் கரைந்து மறைகின்றன. கறித்தூள் மறையாது, அரைத் தேக்கரண்டி போட்டாலும் சட்டி முழுவதையும் அதுவே ஆளும். வெங்காயம் முக்கால் மணி நேரம் உழைத்துச் சேர்த்த இனிப்பையும் பார்லியின் நிதானமான கசப்பையும் நாக்கு உணர வேண்டுமானால் காரம் விலகி நிற்க வேண்டும். காரம் இல்லாமல் சோறு இறங்காதவர்களுக்காகப் பச்சை மிளகாயை வினாகிரியில் ஊறவைத்து ஒரு சிறு கிண்ணத்தில் மேசையில் வைத்துவிடுவேன்.

கிரேவி அகப்பையின் முதுகில் படிந்து, விரலால் கோடு இழுத்தால் அந்தக் கோடு மூடாமல் நிற்கும் பதத்துக்கு வந்ததும் உருண்டைகளை இறக்கி, மூடாமல், சிறு குமிழிகள் மட்டும் எழும் தீயில் இருபது நிமிடம் வைக்க வேண்டும். பலமாகக் கொதித்தால் உருண்டை வெடிக்கும், கிரேவியில் எண்ணெய் பிரியும். நம் குழம்பில் எண்ணெய் பிரிந்து மேலே மிதப்பது பதத்தின் அடையாளம். இங்கே அது குறை. சமையல் வெப்பமானி இருந்தால் உருண்டையின் நடுவில் 71 பாகை காட்ட வேண்டும். கடைசியில் உப்புப் பார்த்து, அடுப்பை அணைத்த பிறகு குளிர்ந்த பட்டர் ஒரு துண்டைப் போட்டுச் சுழற்றினால் கிரேவி மினுங்கும்.

கீழே விரிக்கும் மசியலுக்கு அயர்லாந்தில் கொல்கனன் என்று பெயர். கோவாவோ கேல் கீரையோ கலந்த உருளைக்கிழங்கு. ஹலோவீன் இரவில் அதற்குள் மோதிரம் ஒன்றை ஒளித்துவைத்துப் பரிமாறும் வழக்கமும் அங்கே இருந்தது. உருளைக்கிழங்கு அந்த மக்களுக்கு எவ்வளவு பெரிய பொருள் என்பதை அறிய ஒரு செய்தி போதும்: 1845இல் தொடங்கிய கருகல் நோய் அந்தப் பயிரை அழித்தபோது சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள், ஏறக்குறைய அதே எண்ணிக்கையினர் நாட்டை விட்டுக் கப்பலேறினார்கள். பஞ்சத்துக்கு முன் எண்பது லட்சத்தைத் தாண்டியிருந்த அத்தீவின் சனத்தொகை இன்றுவரை அந்த அளவுக்குத் திரும்பவில்லை.

நமக்கு நுவரெலியா, வெலிமடைக் கிழங்கு நன்றாகவே பொருந்தும். 5 கிலோ கிழங்கைத் தோல் சீவி, சம அளவாக வெட்டி, உப்பிட்ட குளிர்ந்த தண்ணீரில் தொடங்கி அவிக்க வேண்டும். கொதிநீரில் போட்டால் வெளிப்புறம் கரைந்த பிறகும் நடு வேகாமல் நிற்கும். வடித்த பின் வெறும் சட்டியில் திரும்பப் போட்டு இரண்டு நிமிடம் குலுக்கி ஈரத்தை ஓட்டி, சூடு ஆறுமுன் மத்தால் மசித்து, முதலில் 400 கிராம் பட்டரையும் அதன் பிறகு சூடான பால் முக்கால் லீற்றரையும் சேர்க்க வேண்டும். மின் அரைப்பானில் போட்டால் மாப்பொருள் உடைந்து மசியல் கோந்தாகிவிடும். முக்கால் கிலோ கோவாவும் அரைக் கிலோ லீக்ஸும் மெல்லியதாக வெட்டிப் பட்டரில் நிறம் மாறாமல் வதக்கிச் சேர்க்க வேண்டும். மலைநாட்டு லீக்ஸின் மடல்களுக்குள் மண் ஆழமாக ஒளிந்திருக்கும். நீளவாக்கில் பிளந்து, ஒவ்வொரு மடலையும் விரல் விட்டு விரித்து, ஓடும் தண்ணீரில் கழுவினாலே அது போகும். கடைசியாக வெங்காயத்தாளைப் பொடியாக வெட்டித் தூவினால் மசியலின் கனம் குறைந்து ஒரு பச்சை மணம் வரும்.

வேலையைப் பங்கிட்டுக்கொண்டால் விருந்து நாள் இலகுவாகும். வெள்ளிக்கிழமை எலும்புச் சாறும் பார்லிச் சாறும். சனிக்கிழமை கிரேவியும் உருண்டைகளும். ஞாயிறு காலையில் மசியல் மட்டும். முதல் நாள் சமைத்த உருண்டை கிரேவியை உறிஞ்சி இன்னும் நன்றாக இருக்கும். ஆனால் கொழும்பின் வெக்கையில் பெரிய சட்டியை அப்படியே மேசையில் ஆறவிடக் கூடாது; 32 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் சமைத்த இறைச்சி ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருப்பது ஆபத்து. ஆழமில்லாத தட்டுகளில் பிரித்து, அடியில் ஐஸ் தண்ணீர் வைத்து ஆற்றி, உடனே குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். மறுநாள் சூடாக்கும்போது கிரேவி இறுகியிருக்கும். ஒரு கோப்பை எலும்புச் சாறு விட்டு இளக்கி, உள்ளே 74 பாகை வரும் வரை மெதுவாகச் சூடாக்கினால் மென்மை போகாது.

பரிமாறும்போது மசியலை அகன்ற கோப்பையில் வைத்து நடுவில் அகப்பையால் குழி செய்து, உருண்டை நான்கும் கிரேவியும் ஊற்றி, மேலே பாஸ்லி தூவுங்கள். இறைச்சிச் சட்டியை மேசையின் நடுவில், எல்லோருக்கும் கை எட்டும் இடத்தில் வையுங்கள். காளான் சட்டியும் அதன் பக்கத்திலேயே, தனி அகப்பையோடு இருக்கட்டும். மசியல் தீர்ந்து கிரேவி மிஞ்சினால் ரோஸ் பாணை வெட்டிப் பக்கத்தில் வைத்தால் போதும், சட்டி தானாகவே துடைபட்டுவிடும்.